பேர் தெரியாத விருந்தாளிகள்



கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் காலை ஆறரை மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? பூக்கடைகளில் சரம் தொடுக்கத் தொடங்கியிருப்பார்கள். பசியாற வந்தவர்களுக்கு முதல் தோசை கல்லில் விழுந்திருக்கும். மேலே மின்கம்பி முழுக்கக் காக்கைகள். எங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் ஒரு பிடி சோறு மதில்மேல் வைத்துவிட்டுத்தான் இலை போடுவோம். அம்மா இருந்தவரை அது தவறியதில்லை. காக்கை வந்து கொத்தும்வரை வாசலிலேயே நிற்பார். முன்னோர் வந்து சாப்பிட்டார்கள் என்று அவருக்கு மனம் நிறையும்.

சாம்பல் கழுத்துள்ள அந்தக் காக்கை இந்த மண்ணில் பிறந்த பறவையல்ல என்று எனக்குத் தெரியவந்தது நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான்.

1890-களில் கிள்ளான் சுற்றுவட்டாரத்தில் வெள்ளைக்காரத் துரைமார் காப்பி பயிரிட்டார்கள். காப்பிச் செடியின் இலைகளைப் புழு மொட்டையடித்தது. புழுவைத் தின்று தீர்க்கட்டும் என்று இலங்கையிலிருந்து காக்கைகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து கிள்ளானில் பறக்கவிட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே பிரேசில் காப்பி சந்தையை நிறைத்து விலை சரிந்தது. புழுவும் விடவில்லை. காப்பி போய் ரப்பர் வந்தது. வந்த வேலை முடிந்துபோன காக்கை ஊர் திரும்பவில்லை. தோட்டத்திலிருந்து துறைமுகத்துக்கும், துறைமுகத்திலிருந்து கடைத்தெருவுக்கும் வந்து, பிரிக்பீல்ட்ஸ் வரை குடியேறிவிட்டது. அதே கடல்வழியாக, அதே தோட்டங்களுக்காக அழைத்துவரப்பட்டவர்கள் நம் பாட்டன் பூட்டன்மார். இதைப் படித்த நாளிலிருந்து மதில்மேல் வந்து உட்காரும் காக்கையை என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.

காக்கைக்குப் பின்னால் குயிலும் பெருகியது. முன்பு பெரும்பாலும் வலசை காலத்தில் மட்டும் காணப்பட்ட குயில், முட்டையிடக் காக்கைக் கூடு கிடைத்ததும் நம் தாமான்களிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டது. விடிவதற்கு முன் உங்களை எழுப்புகிறதே, அந்தக் குரலுக்குக் காரணம் நூற்றிருபது, நூற்றிமுப்பது ஆண்டுக்கு முந்தைய காப்பிப் புழு.

காக்கைத் தொல்லை மிஞ்சிப்போய் நகராண்மைக் கழகம் ஆட்களை வைத்துச் சுட்டதையும் பார்த்திருக்கிறோம். காக்கை மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் விட்டுவைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் ஒட்டுக்கடை ஓரத்தில் வாய் திறந்து கிடக்கும் குப்பைத்தொட்டி இருக்கும்வரை எத்தனை சுட்டாலும் காக்கை குறையாது. இது என் திடமான எண்ணம்.

காக்கை கரைந்தால் விருந்து வரும் என்பார்கள். அந்த நம்பிக்கையைப் பாடியதாலேயே காக்கைபாடினியார் என்று பெயர் பெற்ற சங்கப் புலவர் நச்செள்ளையார். நம் ஊர்க் காக்கை ஆண்டுமுழுவதும் கரைகிறது. விருந்தும் ஆண்டுதோறும் தவறாமல் வருகிறது, நம் வீட்டிலிருந்து அரைமணி நேரத் தொலைவில். வாசலுக்கு வந்து வா என்று சொல்ல நமக்குத்தான் தெரியவில்லை. தீவுகளையும் மலைக்காடுகளையும் பற்றிய இந்தப் பயணச் சிறப்பிதழைத் தயாரித்தபோது என் மனத்தை விடாமல் பிடித்துக்கொண்டது அந்த விருந்தாளிகள்தான்.

சென்ற நவம்பரில் தங்கை மகனை அழைத்துக்கொண்டு காப்பார் வழியாக ஜெராம் கடற்கரைக்குப் போயிருந்தேன். மீன் சாப்பிடத்தான் போனோம். கிள்ளான் கரையில் பெரிய அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் ஏறத்தாழ 4 மீட்டர் உயரம் ஏறி இறங்கும். நாங்கள் போனபோது வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. அந்தச் சேற்றில் ஆயிரக்கணக்கில் ஏதோ அசைந்துகொண்டிருந்தது. பையன் முதலில் நண்டு என்றான். பிறகு தண்ணீர் ஏற ஏற, சேறு கரையை நோக்கிச் சுருங்கச் சுருங்க, அத்தனையும் எங்களை நோக்கி நடந்து வந்தது. எல்லாம் பறவைகள். நீண்ட மூக்கு, வளைந்த மூக்கு, குட்டை மூக்கு. ஒரு கட்டத்தில் மொத்தக் கூட்டமும் ஒரே வீச்சில் எழும்பித் திரும்பியபோது வானம் ஒருமுறை வெளுத்து ஒருமுறை கறுத்தது.

“அது என்ன குருவி, மாமா?” என்றான்.

எனக்குத் தெரியவில்லை. கொக்கு மாதிரி என்று ஏதோ சொல்லி வைத்தேன். முப்பது ஆண்டாகத் தமிழில் எழுதிப் பிழைக்கிறவன், தன் ஊர்க் கடற்கரையில் கூட்டம் கூட்டமாக நின்ற உயிர்களில் ஒன்றின் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் நின்றேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பிறகு தேடிப் படித்தேன். தமிழில் அவற்றுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. நீண்ட நேர்மூக்குக்காரன் மூக்கன். சிவந்த கால் இருந்தால் பவளக்காலி, பச்சைக்கால் இருந்தால் பச்சைக்காலி. ஓடி ஓடி நின்று கொத்துவது உப்புக்கொத்தி. சேற்றில் குனிந்து குனிந்து தேடும் சிறுகூட்டம் உள்ளான். பெயர் தெரிந்த பிறகு மறுபடியும் ஜெராம் போனேன். அதே சேறுதான், அதே கூட்டம்தான். ஆனால் அன்று பத்து வகையைத் தனித்தனியாகப் பார்த்தேன்.

இவை வடக்கே சைபீரியாவிலும் அதற்கப்பாலும் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன் தெற்கே இறங்குபவை. செப்டம்பரில் வரத் தொடங்கி ஏப்ரல்வரை நம்மோடு இருக்கும். கிழக்காசியாவையும் ஆஸ்திரேலியாவையும் இணைக்கும் இந்த வான்வழியில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 கோடி நீர்ப்பறவைகள் பயணம் செய்கின்றன. அந்த வழியில் ஒரு சத்திரம் நம் சிலாங்கூர் கரை. பயணத்துக்கு முன் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, குடல் முதலான உள்ளுறுப்புகளைச் சுருக்கிக்கொண்டு கிளம்பும் பறவை உண்டு. 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய பட்டைவால் மூக்கன் ஒன்று, எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் போய் இறங்கியது. பிறந்து ஐந்து மாதமே ஆன குஞ்சு. முதுகில் பொருத்திய சிறு கருவி வழியாக உலகமே அதைப் பின்தொடர்ந்தது. அதன் உறவுக்காரப் பறவைகள் நம் சேற்றில் நின்று புழு தேடுகின்றன.

கடல் ஏறிச் சேறு மூழ்கியதும் இவை எங்கே போகும்? நிற்க ஒரு காய்ந்த இடம் வேண்டும், ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. அலையாத்திக் காட்டுக்குப் பின்னாலிருந்த திறந்தவெளிகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. இன்று காப்பார் அனல்மின் நிலையத்தின் வேலிக்குள், நிலக்கரிச் சாம்பல் கொட்டும் குட்டைகளில் அவை தஞ்சம் புகுந்திருக்கின்றன. புகைபோக்கியின் அடியில், உலகில் மிக அரிதாகிவிட்ட ஒரு பச்சைக்காலி வகையும் நிற்கிறது. ருஷ்யாவின் கிழக்குக் கோடியில் கூடு கட்டும் அந்த வகையில் உலகம் முழுவதற்குமே சில ஆயிரம்கூட இல்லை. அதைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் கிள்ளானுக்கு வருகிறார்கள். நாம் அந்தச் சடக்கில் வாரந்தோறும் காரில் போய்வருகிறோம்.

போக நினைப்பவர்களுக்கு வழி எளிது. கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா காப்பார், ஜெராம் தாண்டி அதே சாலையில் இருக்கிறது. 1987-இல் தொடங்கிய பூங்கா, மலேசிய இயற்கைக் கழகத்தின் பராமரிப்பில் வளர்ந்தது. பிரிக்பீல்ட்ஸ் வாசகர்களுக்கு இன்னும் சுலபம்: சென்ட்ரல் நிலையத்தில் கொம்யூட்டர் ஏறிக் கடைசி நிறுத்தமான கிள்ளான் துறைமுகத்தில் இறங்குங்கள். படகுத்துறை பக்கத்திலேயே. கேத்தாம் தீவுக்குப் போகும் படகில் உட்கார்ந்தால் இருபுறமும் அலையாத்திக் காடு. கடற்பருந்தும் ஆலாவும் மீன்கொத்தியும் கண்ணில் படும். நண்டு சாப்பிடுவதற்கென்றே அந்தத் தீவுக்குப் போவோம். போகிற வழியைப் பார்ப்பதில்லை.

அந்தப் படகிலிருந்து கட்டாயம் தெரிவது ஒன்று, செம்பருந்து. நாம் கருடன் என்போம். கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலில் நிற்கும்போது கோபுரத்துக்கு மேலே ஒன்று வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத கை இருக்காது. கும்பாபிஷேகத்தில் அது வந்தால்தான் நமக்கு நிறைவு. அந்தப் பக்தி கண்ணைச் சற்று உயர்த்தியாவது வைத்திருக்கிறது என்று மகிழ்கிறேன். அதே கண்ணோடு மார்ச் மாதம் போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவானுக்குப் போய்ப் பாருங்கள். சுமத்ராவிலிருந்து தேன்பருந்துகள் ஆயிரமாயிரமாகக் கடல் தாண்டி வந்து கரையேறும். சூடேறிய நிலத்திலிருந்து எழும் காற்றில் மிதந்தே பழகிய பறவைகள் அவை. கடலுக்குமேல் அந்தக் காற்று கிடையாது. அதனால் மலாக்கா நீரிணை மிகக் குறுகும் இடமாகப் பார்த்துக் கடக்கின்றன. ஏறத்தாழ 38 கிலோமீட்டர். களைத்துப்போய்த் தலைக்குமேல் தாழப் பறந்து வருவதைக் கலங்கரை விளக்கத்தடியில் நின்று பார்க்கலாம். 2000-ஆம் ஆண்டிலிருந்து இயற்கைக் கழகம் அங்கே இதற்கென்றே விழா நடத்திவருகிறது.

இனி மலை.

கோலகுபு பாருவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சடக்கில் பிரேசர் மலைக்குப் போவோம். 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி சுட்டுக்கொல்லப்பட்டது இந்தப் பாதையில்தான் என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். ஈயம் தேடி வந்து, பிறகு என்ன ஆனார் என்றே தெரியாமல் மறைந்துபோன லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் பெயரை மலை தாங்கியிருக்கிறது. 1988-இலிருந்து அங்கே அனைத்துலகப் பறவைப் போட்டி நடக்கிறது. குறித்த நேரத்துக்குள் யார் அதிக வகை பார்க்கிறார்கள் என்பதே பந்தயம்.

மலையில் ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன். விடுதி வாசலில் இரவு முழுக்க எரிந்த விளக்கைச் சுற்றி விட்டில் பூச்சிகள் மயங்கி ஒட்டிக்கிடக்கும். வெளுத்ததும் மஞ்சளும் சிவப்புமாய், கன்னத்தில் வெள்ளி பூசியதுபோன்ற சின்னப் பறவைகள் கூட்டமாக வந்து சுவரைத் துடைத்துவிட்டதுபோல் அத்தனை பூச்சியையும் பொறுக்கிக்கொண்டு போகும். காப்பிக் கோப்பை ஆறுவதற்குள் முடிந்துவிடும். அப்புறம் மௌனம். காட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்தாலும் ஒன்றும் தெரியாது. திடீரென்று பத்துப் பன்னிரண்டு வகை ஒன்றாகக் கலந்து, ஒன்று கலைத்த பூச்சியை மற்றது பிடிக்க, கிளைக்குக் கிளை அலைபோல் கடந்துபோகும். கழுத்து வலிக்கப் பார்த்து முடிப்பதற்குள் காடு மறுபடி வெறிச்சோடிவிடும். முதல்முறை போகிறவர்கள் ஏமாந்து திரும்புவது இடையிலுள்ள அந்த மௌனத்தில்தான். பொறுங்கள். 1854-இல் மலாக்காவுக்கு வந்து லேடாங் மலை ஏறிய ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ், அக்காட்டின் ஆர்கஸ் என்னும் பெருங்கோழியின் குரலைக் கேட்டார். கண்ணால் காணவில்லை. எட்டு ஆண்டு மலாய்த் தீவுக்கூட்டமெல்லாம் சுற்றி எண்ணாயிரம் பறவைகளைச் சேர்த்த மனிதருக்கே அப்படி. அவற்றில் பலவற்றைச் சேகரித்துக் கொடுத்தவர் சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற இளைஞர். வாலஸ் பெயர் தெரிந்த அளவுக்கு அலியின் பெயர் உலகத்துக்குத் தெரியாது.

தமிழ்நாட்டு மலைகளில் ஓடையோரம் விடிகாலையில் சீட்டியடிக்கும் கருநீலப் பறவைக்குச் சீகாரப் பூங்குருவி என்று பெயர். அதன் நெருங்கிய உறவு ஒன்று நம் தித்திவங்சா மலைத்தொடரில் இருக்கிறது. உலகில் வேறெங்கும் கிடையாது. இருட்டு பிரியும் நேரத்தில், சாலையோரச் சாக்கடைப் பக்கம் ஒரு விநாடி தெரிந்து மறையும். அதற்குத் தமிழில் பெயர் இல்லை. தித்திவங்சாப் பூங்குருவி என்று நான் அழைக்கத் தொடங்கியிருக்கிறேன். உங்களுக்குச் சம்மதமானால் அப்படியே வழங்கட்டும்.

இருவாச்சியோ இரண்டு நாட்டுக்கும் பொது. ஆனைமலையில் பறக்கும் அதே பெரிய இருவாச்சி இங்கும் பறக்கிறது. மலேசியாவில் மொத்தம் 10 வகை. அவற்றில் தலைக்கவச இருவாச்சியின் குரலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். முதலில் மரம் வெட்டுவதுபோல் ஒவ்வொன்றாக, பிறகு வேகமெடுத்து, கடைசியில் பெருஞ்சிரிப்பாக முடியும். மாமியார் வீட்டுத் தூண்களைக் கோடரியால் வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரித்த மருமகனே பறவையாகிவிட்டான் என்று மலாய்க்காரர்கள் கதை சொல்வார்கள். பெயரே ‘தெபாங் மெந்துவா’. அதன் தலைக்கவசம் உள்ளீடு நிறைந்த கட்டி. தந்தம்போல் செதுக்கலாம் என்பதற்காகக் கொன்று குவித்தார்கள். 2015-இல் அழிவின் விளிம்பிலுள்ள பறவையாக அறிவிக்கப்பட்டது. ஆற்றங்கரைகளில் பாடித் திரிந்த வைக்கோல் தலைக் கொண்டைக்குருவியும் கூண்டு வியாபாரத்தால் 2018-இல் அதே பட்டியலுக்குப் போனது. தமிழில் சோலைபாடி என்று அழகான பெயர் பெற்ற மற்றொரு பறவையைத் தாமான் வீட்டு வாசலில் கூண்டில் தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசக்கிறது. அது பாடுவதைக் கேட்க வேண்டுமானால் காட்டுக்குப் போகலாம். வெகுதூரமில்லை.

மலாய்க்காரர்கள் கதையும் பெயரும் வைத்திருக்கிறார்களே, நம் பாட்டிமார்கள் வைக்காமலா இருந்திருப்பார்கள் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. தோட்டத்தில் லயத்துக்குப் பின்னால் காடு. விடிவதற்கு முன் பெரட்டுக்குப் போனவர்கள், இருட்டில் பால்மரத்தடியில் நின்றவர்கள். காட்டுப் பறவைகளின் குரலோடு மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் நம்மவர்கள். எங்கள் பாட்டி, சாயங்காலம் இருட்டியதும் ‘டொக், டொக்’ என்று சீராகத் தட்டும் குரலை ஆசாரிக் குருவி என்பார். உளியால் மரம் செதுக்குகிறதாம். அது பக்கிக்குருவி என்று இப்போது தெரியும். ஆசாரிக் குருவி என்ற பெயர் அதைவிட நன்றாக இருக்கிறது. அதே பாட்டி கூகை கத்தினால் சாக்குருவி என்று கதவைச் சாத்துவார். 1980-களிலிருந்து செம்பனைத் தோட்டங்களில் அந்தக் கூகைக்குக் கம்பம் நட்டு மரப்பெட்டி வைத்து வளர்க்கிறார்கள், எலியைப் பிடிக்க.

தோட்டம் துண்டாடப்பட்டு நாம் அடுக்குமாடிகளுக்கு வந்தோம். அந்தப் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்கள். கை மதாக் என்ற போலீஸ் அதிகாரி, ஜப்பானியர் காலத்தில் சாங்கி முகாமில் கைதியாக இருந்தபடியே மலாயாப் பறவைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். போர் முடிந்து 1947-இல் இயற்கைக் கழகம் அதை வெளியிட்டது. 1999-இல் மேற்கு மலேசியா, சிங்கப்பூர்ப் பறவைகளுக்கான முழுமையான கையேட்டை ஓவியர் ஏலன் பியர்சனோடு சேர்ந்து கொண்டுவந்தவர் ஏலன் ஜெயராஜசிங்கம். அந்தப் பெயரை அட்டையில் பார்த்தபோது எனக்கு உண்டான பெருமையைச் சொல்லி முடியாது. தமிழில் அப்படி ஒரு நூல் நமக்கு இன்னும் வரவில்லை. வர வேண்டும். வருவதற்கு முதலில் பெயர்கள் வேண்டும்.

அதற்குத்தான் உங்களிடம் வருகிறேன். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். வீட்டு மாடி, வயல், ஏரிக்கரை என்று எங்கிருந்தாலும் பதினைந்து நிமிடமாவது நின்று, பார்த்ததை எல்லாம் எண்ணிக் குறிக்கிறார்கள். நமக்கும் பொங்கல் வலசை காலத்தில்தான் வருகிறது. கணுப்பிடி வைக்கும் வீடுகளில் மஞ்சள் இலையில் சோற்றுருண்டை வைத்துக் காக்கையை அழைக்கப் போகிறோம். அழைத்த கையோடு அன்று பதினைந்து நிமிடம் வாசலிலோ மாடியிலோ நில்லுங்கள். பிள்ளைகளையும் நிறுத்துங்கள். காக்கை, மைனா, புறா, எதுவானாலும் எண்ணி எழுதுங்கள். பேர் தெரியாதது வந்தால் நிறம், மூக்கு, குரல் எப்படி என்று எழுதி அனுப்புங்கள். கண்டுபிடித்துச் சொல்வது எங்கள் பொறுப்பு.

அதோடு இன்னொன்றும் வேண்டும். தோட்டத்தில் பிறந்தவர்கள் சொன்ன பறவைப் பெயர் ஒவ்வொன்றையும், எந்த ஊர்த் தோட்டம் என்பதோடு எழுதுங்கள். ஒரே ஒரு பெயர்தான் நினைவிருக்கிறது என்றாலும் எழுதுங்கள். வருவதை எல்லாம் மாதாமாதம் அச்சிடுவோம். பாட்டி இருக்கும் வீடுகளில் தள்ளிப்போடாமல் இந்த வாரமே பாட்டியிடம் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்